கலயத்தில் ஒரு விரல் சுண்ணாம்பு

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் விளாங்குடி வழியாகப் போயிருக்கிறீர்களா? பங்குனி, சித்திரை மாதங்களில் இந்தப் பக்கத்துச் சாலையோரங்களில், ஏதாவது ஒரு மரத்து நிழலில், பதநீர்க் குடத்துடன் ஒருவர் நிற்பதைக் காணலாம். பனையோலையை மடித்துப் பட்டை பிடித்து, அதில் பதநீரை ஊற்றி, கேட்டால் இரண்டு நுங்குச் சுளையும் போட்டுத் தருவார். வெயிலுக்கு அதைவிட இதமான பானம் உண்டா?

ஒரு பட்டை குடித்தீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் வேண்டும் என்று தண்ணீர்ப் புட்டி நிறைய வாங்கி, மூடியை இறுகத் திருகிப் பைக்குள் வைத்தீர்கள். பிறகு அதை மறந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையில் நினைவு வந்து மூடியைத் திறக்கிறீர்கள். "புஸ்" என்று ஓர் ஓசை! சோடாவைத் திறந்தாற்போல் வெள்ளை நுரை பொங்கிக் கை முழுவதும் வழிகிறது. முகர்ந்து பார்த்தால் புளித்த வாடை. நேற்றைய தேன் போன்ற இனிப்பு எங்கே போயிற்று? இந்த நுரை எங்கிருந்து வந்தது? மூடிய புட்டிக்குள் புகுந்து இந்த வேலையைச் செய்தது யார்?

இதற்கு விடை காண, நாம் முதலில் பனைமரத்தின் உச்சிக்கு ஏறிப் பார்க்க வேண்டும்.

பூ தரும் சாறு

பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் பனையை அலகுப்பனை என்றும், பெண் பனையைப் பருவப்பனை என்றும் சொல்வார்கள். இரண்டிலும் பூக்கும் தண்டுக்குப் பாளை என்று பெயர். பதநீர் வருவது இந்தப் பாளையிலிருந்துதான். அதாவது, பூவாகவும் காயாகவும் மாறுவதற்காக மரம் தன் இலைகளில் தயாரித்து அனுப்பும் சர்க்கரைச் சாற்றை, வழியிலேயே நாம் பெற்றுக்கொள்கிறோம்.

இது எளிதான வேலை அன்று. பனையேறி, காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு, 15, 20 மீட்டர் உயரமுள்ள மரத்தில் ஏறுகிறார். பாளையை இடுக்கியால் பக்குவமாக நசுக்கி, ஓலை நாரால் கட்டி, நுனியைக் கூரிய அரிவாளால் மெல்லியதாகச் சீவுகிறார். சீவிய முனையிலிருந்து சாறு சொட்டுச் சொட்டாக வடிகிறது. அதன் கீழே ஒரு மண் கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். சீவிய வாய் காய்ந்து மூடிக்கொள்ளாமல் இருக்க, காலையும் மாலையும் ஏறிப் புதிதாகச் சீவ வேண்டும். ஒருவர் ஒரு நாளில் முப்பது, நாற்பது மரங்கள் ஏறுவதும் உண்டு!

கலயத்தைக் கட்டுவதற்கு முன் அவர் மறக்காமல் செய்யும் காரியம் ஒன்று இருக்கிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார். தடவினால் காலையில் இறங்குவது இனிக்கும் பதநீர். தடவாமல் விட்டால், அதே மரம், அதே பாளை, அதே சாறுதான். ஆனால் விடிவதற்குள் அது நுரைத்துப் பொங்கிக் கள்ளாக மாறத் தொடங்கியிருக்கும். தமிழ்நாட்டில் கள் இறக்குவது 1987-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுள்ளது. பதநீர் இறக்கலாம். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரு விரல் சுண்ணாம்பு!

நுரைக்கச் செய்வது யார்?

புதிதாக வடிந்த பனஞ்சாற்றில் ஒரு லிட்டருக்குச் சுமார் 100 முதல் 130 கிராம் வரை சர்க்கரை இருக்கும். காற்றிலும், பாளையிலும், சாற்றைத் தேடி வரும் ஈ, எறும்பு, தேனீ ஆகியவற்றின் உடலிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஏராளம். அவற்றில் முக்கியமானது ஈஸ்ட். பூஞ்சை இனத்தைச் சேர்ந்த ஒற்றைச் செல் உயிர் இது. பனஞ்சாறு அதற்கு விருந்து. மதுரைப் பக்கத்துக் கோடை இரவின் வெப்பமும் அதற்கு மிகவும் பிடிக்கும். சர்க்கரையை உண்டு, ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் அது வெளியேற்றுகிறது. இதைத்தான் நொதித்தல் என்கிறோம். நீங்கள் புட்டியில் கண்ட நுரை, கோடிக்கணக்கான உயிர்கள் வெளியிட்ட வாயுதான்.

ஈஸ்டுடன் வேறு சில பாக்டீரியாக்களும் பந்தியில் அமர்ந்துவிடும். சில வகைகள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கிப் புளிக்க வைக்கும். இன்னும் சில நாள் காற்றுப்பட வைத்தால், வேறொரு வகை ஆல்கஹாலையே அசெட்டிக் அமிலமாக மாற்றிவிடும். அதுதான் வினிகர். கோவாவிலும் இலங்கையிலும் தென்னங்கள்ளிலிருந்து இப்படித்தான் வினிகர் தயாரிக்கிறார்கள்.

கள், நறவு, தேறல் என்று சங்க காலம் தொட்டே நம் மொழியில் இதற்குப் பெயர்கள் உண்டு. ஆனால் பொங்கச் செய்வது ஓர் உயிர் என்பது உலகுக்குத் தெரியவந்தது மிகப் பின்னால்தான். ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லீவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த லென்சு வழியாக 1680-இல் பீரில் சிறு சிறு உருண்டைகளைக் கண்டார். அவை உயிருள்ளவை என்று அவருக்குத் தெரியவில்லை.

1856-இல் பிரான்சு நாட்டின் லீல் நகரில் ஒரு சிக்கல் எழுந்தது. பீட்ரூட் சாற்றை நொதிக்க வைத்து ஆல்கஹால் தயாரித்த ஓர் ஆலையில், சில தொட்டிகள் ஒழுங்காக நொதித்தன. சில புளித்துக் கெட்டன. ஆலைக்காரர் அவ்வூர்ப் பேராசிரியர் லூயி பாஸ்டரிடம் சென்றார். பாஸ்டர் இரு வகைத் தொட்டிகளிலிருந்தும் ஒவ்வொரு துளி எடுத்து நுண்நோக்கியில் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட் செல்கள் இருந்தன. கெட்ட தொட்டியிலோ நீண்ட குச்சி போன்ற வேறு உயிர்கள்! நொதித்தல் என்பது உயிர்களின் செயல், எந்த உயிர் குடிபுகுகிறதோ அதைப் பொறுத்தே விளைவு அமையும் என்பதை அடுத்த சில ஆண்டுகளில் அவர் நிலைநாட்டினார். 1897-இல் ஜெர்மானியரான எட்வர்டு பூக்னர், ஈஸ்டை நசுக்கிப் பிழிந்த உயிரற்ற சாறும் சர்க்கரையை நொதிக்க வைக்கும் என்று காட்டினார். ஈஸ்டுக்குள் இருக்கும் நொதிகளே அந்த வேலையைச் செய்கின்றன என்பது அதனால் தெளிவாயிற்று. இதற்காக அவருக்கு 1907-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு சிறு கணக்கு

இப்போது காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பதநீரில் 120 கிராம் சர்க்கரை இருக்கிறது என்று கொள்வோம். இது நாம் காப்பியில் போடும் அதே சுக்ரோசு சர்க்கரைதான். இதன் மூலக்கூறு எடை 342. சுக்ரோசின் ஒரு மூலக்கூறு முழுவதும் நொதித்தால், கரியமில வாயுவின் 4 மூலக்கூறுகள் வெளிப்படும். 120-ஐ 342-ஆல் வகுத்து 4-ஆல் பெருக்கினால் 1.4 மோல் வாயு. நம் ஊர் வெப்பநிலையில் ஒரு மோல் வாயு சுமார் 25 லிட்டர் இடத்தை அடைக்கும். ஆகவே 1.4 மோல் வாயு சுமார் 35 லிட்டர்!

ஒரு லிட்டர் பதநீரிலிருந்து 35 லிட்டர் வாயு. திறந்த பானையாக இருந்தால் அது நுரைத்துக் காற்றில் கலந்துவிடும். மூடிய புட்டியாக இருந்தால்? வாயு போக இடமில்லாமல் நீரில் கரைந்தும், மேலே அழுத்திக்கொண்டும் நிற்கும். அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பிளாஸ்டிக் புட்டி பானை போல் உப்பும். கண்ணாடிப் புட்டி வெடிக்கும். பதநீர் விற்பவர் குடத்தின் வாயை இறுக மூடாமல் வைத்திருப்பதன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

வெடித்த புட்டிகள்

பூவிலிருந்து நுரைக்கும் பானம் நமக்கு மட்டும் உரியது அன்று. இங்கிலாந்தில் எல்டர் என்றொரு புதர்மரம் உண்டு. மே மாதக் கடைசியிலும் ஜூன் மாதத்திலும் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூக்கள் பூக்கும். அவ்வூர் இல்லத்தரசிகள் இப்பூக்களைச் சர்க்கரை நீரில் எலுமிச்சையோடு ஊறவைத்துப் புட்டியில் அடைப்பார்கள். ஈஸ்ட் என்று எதையும் அவர்கள் தனியாகச் சேர்க்காவிட்டாலும், பூவில் ஏற்கனவே குடியிருக்கும் ஈஸ்டே போதும். நம் பாளையில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது. சர்க்கரையின் அளவு கூடிவிட்டாலோ, வெயில் ஏறிவிட்டாலோ, நள்ளிரவில் அலமாரிக்குள் புட்டிகள் படபடவென்று வெடிப்பதும் அங்கே பழைய கதை.

பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்தில் இது விளையாட்டாக இல்லை. அங்கே திராட்சை மதுவைப் புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைத்து நுரை உண்டாக்குவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு புட்டி வெடித்தால் அதன் சில்லுகள் பக்கத்துப் புட்டியைத் தாக்க, அதுவும் வெடிக்கும். நிலவறையில் வேலை செய்தவர்கள் முகத்தில் இரும்புக் கவசம் அணிந்து நடமாடினார்கள். இதற்கு ஒரு வழி கண்டவர், ஷாலோன் நகரில் மருந்துக் கடை நடத்திய பிரான்சுவா என்பவர். மதுவில் ஏற்கனவே எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று அளந்து, அதற்கு மேல் எவ்வளவு சேர்க்கலாம் என்று கணக்கிடும் முறையை 1830-களில் அவர் வகுத்தார். வெடிக்கும் புட்டிகள் வெகுவாகக் குறைந்தன. நீங்கள் சற்று முன் போட்ட கணக்கின் உறவினர்தான் அது!

இன்று அங்கே லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரைதான் சேர்க்கிறார்கள். அதுவே புட்டிக்குள் ஆறு மடங்கு வளிமண்டல அழுத்தத்தை உண்டாக்கிவிடும். அதைத் தாங்கத் தடித்த கண்ணாடியும், கம்பியால் கட்டிய தக்கையும் தேவைப்படுகின்றன. நம் பதநீரில் இருப்பதோ அதைப் போல் ஐந்து மடங்கு சர்க்கரை. எனவே, எந்த இனிப்பான சாற்றையும் புட்டியில் அடைத்து நுரைக்க வைத்துப் பார்க்கும் ஆசை உங்களுக்கு ஒருபோதும் வேண்டாம்.

அப்படியானால் கடையில் வாங்கும் கோலி சோடா? அதில் நொதித்தல் இல்லை. உருளையிலிருந்து வாயுவைச் செலுத்துகிறார்கள். ஆனால் அதன் கதை தொடங்கியதும் நொதிக்கும் தொட்டியின் அருகில்தான். 1767-இல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துப் பீர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, நொதிக்கும் தொட்டிகளின் மேல் தேங்கி நிற்கும் வாயுவில் நீரைப் பிடித்துப் பார்த்தார். நீர் அந்த வாயுவை ஏற்றுக்கொண்டு சுறுசுறுவென்ற சுவை பெற்றது. பின்னர் 1870-களில் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர், வாயுவின் அழுத்தமே கோலியை ரப்பர் வளையத்தில் அழுத்தி வாயை அடைக்கும் புட்டியை அமைத்தார். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் நீங்கள் வாங்கிக் குடிக்கும் கோலி சோடா அவர் தந்த உருவம்தான்.

சுண்ணாம்பு செய்யும் காவல்

மறுபடியும் பனை உச்சிக்கு வருவோம். அந்தச் சுண்ணாம்பு என்னதான் செய்கிறது?

ஒரு நீர்மம் அமிலமா காரமா என்பதைப் பிஎச் என்னும் எண்ணால் அளக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். 7 என்பது நடுநிலை. புதிய பனஞ்சாறு ஏறத்தாழ நடுநிலையில் இருக்கும். நொதிக்க நொதிக்க அமிலம் கூடி 4-ஐ நெருங்கும். ஈஸ்டுக்கு இலேசான புளிப்பு மிகவும் ஏற்றது. அதாவது, அது தனக்கு வேண்டிய சூழலைத் தானே மேலும் வசதியாக்கிக்கொள்கிறது! சுண்ணாம்பு இதற்கு நேர் எதிர். நீரில் கரைந்த சுண்ணாம்பின் பிஎச் 12-ஐ எட்டும். கலயத்தில் விழும் ஒவ்வொரு சொட்டும் முதலில் இந்தக் காரத்தைத்தான் சந்திக்கிறது. காரத்தில் ஈஸ்ட் வளர முடிவதில்லை. சர்க்கரையை உடைக்கும் அதன் நொதியும் வேலை செய்வதில்லை. கலயம் நிறைந்து, இறக்கி, வடிகட்டும் வரை சாறு காப்பாற்றப்படுகிறது. நேரம் ஆக ஆகக் காவல் தளரும். அப்போது மிச்சமிருக்கும் ஈஸ்ட் தலைதூக்கும். உங்கள் புட்டியில் நடந்தது அதுதான்.

சுண்ணாம்பு குறைந்தால் என்ன நேரும் என்பதைப் பனையேறியின் குடும்பம் அடுப்படியில் அறிந்துகொள்ளும். பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. பத்து லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். மணிக்கணக்காக அடுப்பெரித்து, கிண்டி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவார்கள். சாறு சிறிதளவு நொதித்திருந்தாலும் அதிலுள்ள சுக்ரோசு, குளுகோசாகவும் ஃப்ரக்டோசாகவும் பிளந்துபோயிருக்கும். இவை எளிதில் படிகமாவதில்லை. சுக்ரோசு படிகமாவதையும் தடுக்கும். எவ்வளவு கிண்டினாலும் கருப்பட்டி கட்டியாகாமல் பிசுபிசுத்த பாகாகவே நின்றுவிடும். முப்பது மரம் ஏறி இறங்கிய உழைப்பும், எரித்த விறகும் வீண். சுண்ணாம்பு கூடினாலோ நிறமும் சுவையும் கெடும், காரல் தட்டும். இந்த அளவைப் பனையேறி எந்தத் தராசிலும் நிறுப்பதில்லை. தந்தையிடமிருந்து கற்ற கைப்பழக்கமே அவருடைய அளவுகோல். பாஸ்டர் நுண்நோக்கியில் கண்ட பகைவனை, இவர்கள் காணாமலேயே அடக்கி வைத்திருக்கிறார்கள்!

சுண்ணாம்பு இல்லாமல் சாற்றைக் காக்க முடியாதா? முடியும். குளிரில் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடும். கேரளத்தில் காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தார், தென்னம்பாளையின் சாறு நேரே பனிக்கட்டி வைத்த பெட்டிக்குள் இறங்கும்படி ஒரு கருவி அமைத்திருக்கிறார்கள். அதில் இறங்கும் சாற்றுக்குக் கல்பரசா என்று பெயர். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். ஆனால் அதில் ஏறுவோர் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். உயர்ந்த பனைக்கும் ஏற்ற, எளிய, மலிவான குளிர்க்கலயம் ஒன்றை அமைத்தால், பதநீர் கெடாமல் தொலைதூர நகரங்களுக்கும் போகும். ஏறுகிறவருக்கும் நல்ல விலை கிடைக்கும். உங்களில் ஒருவர் இதைச் சிந்திக்கலாமே!

செய்து பாருங்கள்

தேவையானவை: ஒரே அளவுள்ள மூன்று பிளாஸ்டிக் புட்டிகள், மூன்று பலூன்கள், சர்க்கரை, ரொட்டிக் கடைகளில் பயன்படும் உலர்ந்த ஈஸ்ட், வெற்றிலைச் சுண்ணாம்பு, வெதுவெதுப்பான நீர்.

ஒவ்வொரு புட்டியிலும் ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீர் ஊற்றுங்கள். முதல் புட்டியில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும், அரைத் தேக்கரண்டி ஈஸ்டும் போடுங்கள். இரண்டாவதில் ஈஸ்ட் மட்டும், சர்க்கரை வேண்டாம். மூன்றாவதில் அதே அளவு சர்க்கரையுடன் அரைத் தேக்கரண்டி சுண்ணாம்பையும் கரைத்து, பிறகு ஈஸ்டைப் போடுங்கள். புட்டிகளுக்கு மூடி போடக் கூடாது! ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு பலூனை மாட்டி, வெயில் படாத வெப்பமான இடத்தில் வைத்து, அரைமணிக்கு ஒரு முறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பலூன் நிமிர்கிறது? எது துவண்டே கிடக்கிறது? ஏன்? 5 கிராம் சர்க்கரையிலிருந்து எத்தனை லிட்டர் வாயு வர வேண்டும் என்று மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்து, உங்கள் பலூனுடன் ஒப்பிடுங்கள்.

அடுத்து, சிறிது சுண்ணாம்பை நிறைய நீரில் கலக்கி, ஓர் இரவு தெளிய வைத்து, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் வேறு தம்ளரில் இறுத்துக்கொள்ளுங்கள். உப்பிய பலூனின் வாயைத் திருகிப் பிடித்தபடி கழற்றி, அதில் ஒரு உறிஞ்சு குழலைப் பொருத்தி, வாயுவை மெதுவாக இந்தத் தெளிநீருக்குள் செலுத்துங்கள். நீர் பால் போல் வெளுக்கும். வந்தது கரியமில வாயுதான் என்பதற்கு அதுவே சாட்சி. மேலும் மேலும் செலுத்தினால் வெண்மை மறைந்து மீண்டும் தெளியக்கூடும். அதற்குக் காரணம் என்ன என்று உங்கள் வேதியியல் ஆசிரியரிடம் கேளுங்கள்.

எச்சரிக்கை: சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். சோதனையைப் பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்யுங்கள். புட்டிகளில் உள்ளதைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.

வாயுவைப் பிறக்கவிடாமல் தடுத்ததும் சுண்ணாம்பு. பிறந்த வாயுவை நமக்குக் காட்டிக் கொடுத்ததும் சுண்ணாம்பு! அடுத்த முறை விளாங்குடிச் சாலையில் பதநீர் வாங்கும்போது, குடத்தின் அடியில் படிந்திருக்கும் வெள்ளை மண்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். "இன்றைக்கு எவ்வளவு சுண்ணாம்பு தடவினீர்கள் ஐயா?" என்று கேளுங்கள். எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத ஒரு பாடத்தை அவர் உங்களுக்குச் சொல்லக்கூடும்.